பின் பிளாக்குக்கு நெட் வந்த விதம்

"ரூம் நல்லாருக்குங்க. சாப்பாடு எங்க ஊட்டுல சாப்புடற மாதிரி இருக்குதுங்க. குறைன்னு சொன்னா ஒண்ணே ஒண்ணுதாங்க," என்றார் திருமூர்த்தி. அந்த ஒண்ணு என்னவென்று லாட்ஜை நடத்தும் ஜெயபாரதிக்கு அவர் சொல்லாமலே தெரியும்.

வெளிநாட்டுக் கடைகளுக்கு உடுப்பு வாங்கி அனுப்பும் பெங்களூர் பையிங் ஏஜென்சி ஒன்றுக்குத் திருப்பூரில் தரம் பார்க்கும் குழுவின் தலைவர் அவர். குன்னத்தூர்க்காரர். சீசன் தொடங்கினால் பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, பனியன் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கி, தையலையும் அளவையும் சாயத்தையும் பார்த்து, எடுத்த போட்டோக்களை அன்றன்றைக்கே வெளிநாட்டுக்கு அனுப்பியாக வேண்டும். மூன்று மாதம் ஒரே இடத்தில் தங்குவதற்கு லாட்ஜ் தேடிக்கொண்டிருந்தார். பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கிற கந்தவேல் ரெசிடென்சி அவருக்கு எல்லா வகையிலும் பிடித்துப்போயிற்று. பிடிக்காதது பின் பிளாக்கில் நெட் வராதது.

"முன்னாடி பிளாக்ல பாதி ரூம் எப்பவுமே ஆள் இருக்குதுன்னு சொல்றீங்க. எங்க ஆளுங்களப் பின்னாடிதான் போடோணும். அங்க போன்ல டவரும் இல்லீங்க, வைஃபையும் இல்லீங்க. ராத்திரி போட்டோ அனுப்ப முடியலீன்னா மறுநாள் காலைல என்ற மானம் போயிரும்."

"திங்கக்கெழமைக்குள்ள சரி பண்ணீர்றனுங்க," என்றாள் ஜெயபாரதி. எப்படி என்று அவளுக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

திருமூர்த்தி சிரித்தார். "சரிங்க. திங்கக்கெழமை பன்னெண்டு பேரோட வர்றனுங்க. ஒரு ராத்திரி தங்கிப் பாக்கறோம். எங்க தேவிப்பிரியா மட்டும் இன்னைக்கே ரூம் எடுத்துக்கட்டும். அந்தப் புள்ள சொல்றதுதான் கடைசி வார்த்தை."

அவர் கார் ஏறிப் போனதும் ஜெயபாரதி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த ஒரு விஷயத்தில் தோற்றால் போகப்போவது மூன்று மாத வாடகை மட்டுமல்ல, பின் பிளாக்கே போய்விடும். அவள் கணவர் தீனதயாளன் காலர் பின்னும் யூனிட் நடத்துகிறவர். தாத்தா காலத்துத் தறி போய், அப்பா காலத்துப் பனியன் கம்பெனி வந்து, அவர் கையில் அது காலர் மெஷின்களாக நிற்கிறது. லாட்ஜை அவர் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். பின் பிளாக் பன்னிரண்டு ரூமும் வருஷத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கவும், அதை நூல் குடோனாக விட்டுவிடலாம் என்று தன் கூட்டாளி ஒருவரிடம் பேசி வைத்திருந்தார்.

"கோவிச்சுக்காத அம்மிணி. நூல் மூட்டைக்கு வைஃபை வேண்டியதில்ல," என்று அன்று மதியம் சாப்பிடும்போது சொன்னார். கிண்டல்தான். ஆனால் கூட்டாளி செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறார் என்பதையும் கூடவே சொன்னார்.

ஜெயபாரதிக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பின் பிளாக் அவள் கட்டியது. கர்ப்பமாக இருந்தபோதும் வெயிலில் நின்று, கொத்தனாரோடு சண்டை போட்டு, ஒவ்வொரு ரூமுக்கும் ஓடு தேர்ந்தெடுத்துக் கட்டியது.

"திங்கக்கெழமை வரைக்கும் பொறுங்க," என்றாள்.

"செவுத்த ஒடைக்கறது, வயர் இழுக்கறதுன்னு மட்டும் ஆரம்பிச்சராத. இப்பத்தான் பெயிண்ட் அடிச்சிருக்குது."

"ஒடைக்க மாட்டனுங்க."

அன்று சாயங்காலமே டவுனுக்குப் போய் நாலு ரிப்பீட்டர் வாங்கி வந்தாள். உள்ளங்கை அகலத்தில் வெள்ளைப் பெட்டி. பின்னால் ப்ளக், மேலே முயல் காது மாதிரி இரண்டு ஆன்டெனா. "ரூட்டர் சிக்னலைப் பிடிச்சு, மறுபடியும் பெருசாக்கி விடும் மேடம். ப்ளக்ல சொருகினா போதும்," என்றார் கடைக்காரர். அவள் நேராகப் பின் பிளாக்குக்குப் போய், எங்கெங்கே சுத்தமாக நெட் வரவில்லையோ அங்கங்கே பார்த்து நாலையும் சொருகினாள். நாலிலும் சிவப்பு விளக்கு எரிந்தது. லாட்ஜின் ரூம்களைக் கவனித்துக்கொள்ளும் நாகஜோதி கூடவே நின்றாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கென்று வந்து, இந்த லாட்ஜில் நிலைத்துவிட்டவள்.

"எரியுதுக்கா! அம்புட்டுத்தேன், வேலை முடிஞ்சது," என்று நாகஜோதி கைதட்டினாள்.

போனை எடுத்துப் பார்த்தால் வைஃபை கோடுகள் முழுசாக நின்றன. ஜெயபாரதிக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவுதானா, இதற்குத்தானா இத்தனை வருஷம் பயந்தோம் என்றிருந்தது.

மறுநாள் காலையில் தேவிப்பிரியா ரிசப்ஷனுக்கு வந்தாள். முப்பது வயதிருக்கும், தோளில் பை, கழுத்தில் அளவு டேப்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கோடு மட்டும் ஃபுல்லா காட்டுது. ஒரு போட்டோ கூடப் போகல. நேத்து ராத்திரி பூரா வட்டம்தான் சுத்துச்சு."

"கோடு ஃபுல்லா இருக்குதே கண்ணு?"

"அதாங்க்கா எனக்கும் புரியல."

ஜெயபாரதிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அந்தப் பெண் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை போலிருந்தது. பாவம் பார்த்துப் பேசியதுதான் தாங்கவில்லை.

அந்தக் குழப்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது இன்னொரு தகராறு வந்து சேர்ந்தது. பின் பிளாக் மேல்மாடியில் தங்கியிருந்த ஒரு பெரியவர் சர்க்கரை இல்லாத காபி ஒன்றும், சர்க்கரை போட்டது ஒன்றும் கேட்டிருந்தார். வந்தது இரண்டும் சர்க்கரை போட்டது. சமையல்கட்டு முனீஸை விசாரித்தால், மேலே இருந்து ஒருத்தி சொன்னாள், தான் லிஃப்ட்டுக்கு அந்தப் பக்கம் நின்றதால் "ரெண்டு காபி" என்பது மட்டும்தான் காதில் விழுந்தது என்றான்.

"சரியாக் கேக்கலீன்னா மாடிப்படி வரைக்கும் வந்து கேட்டுட்டுப் போறதுதான?"

"இனிமே வர்றேங்க்கா."

முனீஸ் போய்விட்டான். ஜெயபாரதி மட்டும் அவன் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காதில் பாதி விழுகிற இடத்தில் நின்றால் முனீஸ் என்னத்தைத்தான் போய்ச் சொல்வான்? அவன் எவ்வளவு சத்தமாகத் திருப்பிச் சொன்னாலும் காபி தப்பாகத்தானே வரும்? அந்த ரிப்பீட்டர்களை நெட் சுத்தமாக வராத இடத்தில் அல்லவா அவள் நிறுத்தி வைத்திருக்கிறாள்! அவற்றுக்கே ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததை நாலும் சேர்ந்து கத்திக்கொண்டிருக்கின்றன. போனில் தெரிகிற முழுக் கோடு அந்தக் கத்தல்தான்.

சிவப்பு விளக்கு எரிந்தால் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை, சிக்னல் போதவில்லை என்று அர்த்தம் என்பது கடைக்காரருக்குப் போன் போட்டுக் கேட்டபோதுதான் தெரிந்தது. "பச்சை எரியற இடமாப் பாத்து வைங்க மேடம்," என்றார் அவர் சாவகாசமாக. அதை வாங்கும்போதே சொல்லியிருக்கலாம்.

"ஜோதி, போனை எடுத்துட்டு வா. பக்கத்துல பனியன் துணி வெட்டறவங்க கிட்ட ஒரு சாக்குக்கட்டி வாங்கிட்டு வா," என்று எழுந்தாள்.

ஜெயபாரதி ரூட்டருக்குப் பக்கத்தில் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொண்டு வீடியோ கால் போட்டாள். நாகஜோதி போனை முகத்துக்கு நேரே பிடித்தபடி லாட்ஜ் முழுக்க நடந்தாள். வெறுமனே நடக்கச் சொன்னால் அவளுக்கு வராது, பேசிக்கொண்டேதான் நடப்பாள். தன் கொழுந்தன் மகள் சடங்குக்கு யார் யார் என்ன செய்தார்கள் என்று ஆரம்பித்தாள். எங்கே அவள் வாய் திறந்தபடி படம் உறைந்து நிற்கிறதோ, அங்கே தரையில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும் என்பது ஏற்பாடு.

முன் பிளாக்கில் ஒரு இடத்திலும் தடங்கல் இல்லை. மாடிப்படி வளைவில் நாகஜோதியின் மூக்குத்தி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. இரண்டு பிளாக்கையும் சேர்க்கும் நடையில் திரும்பி, லிஃப்டைத் தாண்டியதுதான் தாமதம், "எங்க நாத்தனா—" என்று சொல்லும்போதே வாய் கோணியபடி நின்றுவிட்டாள். திரும்பி வந்தால் பேச்சு ஓடியது. லிஃப்ட் பக்கம் போனால் நின்றது. அந்த இரும்புக் கதவும், லிஃப்ட் கூண்டும், அதைச் சுற்றின கான்கிரீட்டும் சேர்ந்து சிக்னலை அப்படியே விழுங்கிக்கொண்டன.

"அப்ப நடை வழியாப் போகாது. வேற எந்த வழில பின்னாடி பிளாக் தெரியுதுன்னு பாரு," என்றாள் ஜெயபாரதி.

"மாடிப்படி சன்னல்ல இருந்து நல்லாத் தெரியுதேக்கா. அங்கிட்டு வராந்தா சன்னலு, இங்கிட்டு இந்தச் சன்னலு. நடுவுல ஒண்ணுமில்ல, சமையக்கட்டு மொட்டை மாடிதேன்."

ஜெயபாரதி படியேறி வந்து பார்த்தாள். உண்மைதான். இத்தனை வருஷம் ஏறி இறங்கிய படி, ஒரு நாளும் நின்று அந்தச் சன்னல் வழியாகப் பார்த்ததில்லை. நேர் எதிரே, சமையல்கட்டின் மொட்டை மாடிக்கு அப்புறம், பின் பிளாக்கின் இரண்டு வராந்தாக்களும் கண்ணுக்கு எட்டின. கண்ணுக்குத் தெரிகிற இடத்துக்குச் சிக்னல் போகாதா என்ன?

எலக்ட்ரீஷியன் மாரிச்செல்வத்துக்குச் சொல்லியனுப்பினாள். கோவில்பட்டிக்காரர், அந்த வட்டாரத்து லாட்ஜ்களுக்கெல்லாம் அவர்தான். அவர் வருவதற்குள் பொறுமை இல்லாமல் தானே ஒரு ரிப்பீட்டரை எடுத்துப் படிக்கட்டு வளைவில் இருந்த ப்ளக்கில் சொருகிப் பார்த்தாள். பச்சை. பின் பிளாக்கின் வராந்தா ஓரத்து ரூம்களில், சன்னலை ஒட்டி, மாடிக்கு ஒன்றாக இரண்டைச் சொருகினாள். இரண்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் பச்சையாயின. தேவிப்பிரியா ரூமிலிருந்து ஓடி வந்தாள்.

"அக்கா! நேத்து அனுப்பின போட்டோவெல்லாம் இப்பத் தானாப் போகுது!"

அந்தச் சாயங்காலம் நாகஜோதி எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். ஆனால் மறுநாள் காலை பத்து மணி வாக்கில் பின் பிளாக் மேல்மாடி மறுபடியும் செத்துப்போயிற்று.

போய்ப் பார்த்தால் ரிப்பீட்டரில் விளக்கே இல்லை. அந்த ரூமில் தங்கியிருந்தவர் வெளியே போகும்போது சாவி அட்டையை உருவிக்கொண்டு போயிருக்கிறார். அட்டையை எடுத்தால் ரூமில் கரண்ட் நின்றுவிடும். கரண்ட் வீணாகக்கூடாது என்று அந்த வசதியை ஆசை ஆசையாகப் பொருத்தியதும் ஜெயபாரதிதான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. கீழ்மாடியில் இருந்ததையோ யாரோ கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, அந்தப் ப்ளக்கில் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தார்கள்.

"ரூமுக்குள்ளயே வைக்கக் கூடாது மாரியண்ணா," என்றாள் மாரிச்செல்வம் வந்ததும். "ஆள் கை படாத இடமா இருக்கோணும். கரண்ட் போனாலும் நிக்கக் கூடாது."

"அப்பம் வராந்தாவுல எமர்ஜென்சி லைட்டு இருக்குல்லாக்கா? அது இன்வெர்ட்டர் லைன். அதுல இருந்து உசரத்துல ஒரு ப்ளக் எடுத்துத் தாரேன். ஏணி போட்டாத்தான் எட்டும்," என்றார் அவர். மதியத்துக்குள் மூன்று இடத்திலும், சன்னலுக்கு மேலே, ப்ளக் வந்துவிட்டது. சுவரில் ஒரு உடைப்பு இல்லை. பெயிண்ட்டில் ஒரு கீறல் இல்லை.

சனிக்கிழமை காலையில் இன்னொரு வினோதம். படிக்கட்டு வளைவில் ஜெயபாரதி, எதிர் வராந்தாவில் நாகஜோதி; இருவரும் மறுபடியும் வீடியோ காலில். இந்தத் தடவை படம் நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. வராந்தா ரிப்பீட்டரில் பச்சை மாறிச் சிவப்பு, சிவப்பு மாறிப் பச்சை.

"நேத்து நல்லா இருந்துச்சேக்கா. இன்னைக்கு என்ன கேடு வந்துச்சு?"

"தெரியல ஜோதி. கொஞ்சம் பொறு... இப்ப வர்ற... இப்ப நின்னுட்ட... இப்ப வர்ற..."

ஜெயபாரதி போனிலிருந்து கண்ணை எடுத்துச் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். சமையல்கட்டு மொட்டை மாடியில் அன்று துவைத்த படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் சொட்டச் சொட்டக் காய்ந்துகொண்டிருந்தன, நாலு கொடியிலும் நாலு வரிசை. காற்று அடித்தது. துணியெல்லாம் ஒருபக்கமாகப் பறந்து விலகிற்று. போனில் நாகஜோதியின் முகம் தெளிந்தது. காற்று நின்றது. துணி விழுந்தது. நாகஜோதி உறைந்தாள்.

"ஜோதி!" என்று ஜெயபாரதி சன்னலைத் திறந்து கத்தினாள். போனே தேவைப்படவில்லை. "துணிடி! ஈரத்துணி மறைக்குது!"

நாகஜோதி எட்டிப் பார்த்தாள். பிறகு மொட்டை மாடிக்கு இறங்கி ஓடிப்போய் ஒரு கொடித் துணியை அப்படியே வாரி அணைத்துக்கொண்டு நின்றாள். விளக்கு பச்சையாயிற்று. விட்டாள், சிவப்பு. மறுபடியும் வாரினாள், பச்சை. இருவருக்கும் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. சேலையெல்லாம் நனைந்து நின்ற நாகஜோதி, "ஊருக்கெல்லாம் துணி கட்டி அனுப்புற ஊருல, துணியே நம்மள மறிக்குதேக்கா!" என்றாள்.

ஆனால் துணியை வேறெங்கே காயப்போடுவது என்றதும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. முன் பிளாக் உச்சி மொட்டை மாடி இருக்கிறது. அங்கே காற்றும் உண்டு, வெயிலும் உண்டு. ஆனால் ஈரத் துணியைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏற வேண்டும். லிஃப்டில் வேலை ஆட்கள் துணி வண்டியோடு ஏறக்கூடாது, விருந்தாளிகளுக்கு மட்டும்தான் என்பது தீனதயாளன் போட்ட சட்டம்.

"நாளையில இருந்து லிஃப்ட்ல கொண்டு போங்க," என்றாள் ஜெயபாரதி.

"அண்ணே சத்தம் போடுவாருக்கா."

"போட்டா எங்கிட்டப் போடட்டும்."

ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசிப் பரீட்சை ஒன்று வைத்தாள். வேலை ஆட்கள் எல்லோரையும் கூப்பிட்டு, பின் பிளாக்கில் ரூமுக்கு ஒருவராக நிறுத்தி, ஒரே நேரத்தில் வீடியோ போடச் சொன்னாள். மூன்று நான்கு ரூம் வரை ஓடிற்று. அதற்குமேல் எல்லார் போனிலும் வட்டம் சுற்றியது. ஒருவர் இருந்தால் போதுகிறது, பன்னிரண்டு பேர் வந்தால் திணறுகிறது. ரூட்டர் சொல்வதைப் படிக்கட்டு ரிப்பீட்டர் கேட்டு, அது சொல்வதை வராந்தா ரிப்பீட்டர் கேட்டு, அதன் பிறகு ரூமுக்குப் போக வேண்டும். கை மாறுகிற இடத்திலெல்லாம் வேகம் பாதியாகிக்கொண்டே வந்தது.

ஜெயபாரதி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு தூரம் வந்து இங்கே முட்டிக்கொண்டதே என்று துக்கமாக இருந்தது. மாரிச்செல்வம் ஏணியில் நின்று படிக்கட்டு ரிப்பீட்டரைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு அடியில ஒரு ஓட்டை இருக்கேக்கா. ரூட்டர்ல வயர் குத்துவோம்லா, அதே மாதிரி."

ஜெயபாரதி எழுந்தாள். ஓட்டை இருந்தது. கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் பாட்டுக் கேட்கவைத்துவிட்டு ஒரு பெண் வந்து, அந்த ஓட்டையில் ரூட்டரிலிருந்து நேராக வயர் கொடுத்தால் அது காற்றில் கேட்க வேண்டியதே இல்லை, வேகம் குறையாமல் அங்கிருந்தே அனுப்பும், செட்டிங்கில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும் என்று நிதானமாகச் சொல்லிக்கொடுத்தாள். ரிசப்ஷனிலிருந்து படிக்கட்டு வளைவு வரைதானே, கைப்பிடிக் குழாய்க்கு அடியிலேயே ஒட்டி வயரைக் கொண்டுவந்துவிட்டார் மாரிச்செல்வம். செட்டிங்கை ஜெயபாரதி மாற்றினாள். முதல் தடவை தப்பாக மாற்றி லாட்ஜ் முழுக்க நெட்டையே நிறுத்தினாள். இரண்டாவது தடவை சரியாயிற்று.

"எல்லாரும் வீடியோ போடுங்க!" என்று குரல் கொடுத்தாள்.

பன்னிரண்டு ரூமிலிருந்தும் பன்னிரண்டு சத்தம் வந்தது. ஒன்றில் சமையல் குறிப்பு, ஒன்றில் கபடி, ஒன்றில் யாரோ இந்தியில் அழுதுகொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலைவிட இனிமையான ஒன்றை ஜெயபாரதி அந்த வாரம் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தீனதயாளன் படியேறி வந்தார். செவ்வாய்க்கிழமை அளவெடுக்க வருகிறவருக்காக ரூம் நீள அகலத்தைப் பார்த்துப் போக வந்தவர், கூச்சலைக் கேட்டுத் திகைத்து நின்றார். ஏதோ கேட்க வாயெடுப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. ஸ்பெயினிலிருந்து சரக்கு வாங்கும் ஒரு பையர், வாட்ஸ்அப்பில், வீடியோ கால். சட்டைப் பையிலிருந்து ஒரு காலர் சாம்பிளை எடுத்துக் காட்டிக்கொண்டே மேல்மாடிக் கடைசி ரூமுக்குள் போனார். ரிப் பின்னல் எவ்வளவு அகலம், ஓரத்தில் கோடு எந்தக் கலர், துவைத்தால் சுருங்குமா என்று அவர் பாட்டுக்குப் பேசினார். கட்டிலில் உட்கார்ந்து பேசினார். பாத்ரூம் வாசலில் நின்று பேசினார். பேசி முடித்துப் போனைப் பையில் போடப் போனவர் அப்படியே நின்றார்.

"ஏம்மிணி... இங்க போன் எடுக்காதே?"

"எடுக்காதுங்க."

"அப்பறம் நான் இத்தனை நேரம் எப்படிப் பேசுனேன்?"

ஜெயபாரதி வராந்தாவின் மேலே கையைக் காட்டினாள். சன்னலுக்கு மேலே பச்சை விளக்கு எரிந்தது. தீனதயாளன் அதைப் பார்த்தார், எதிரே படிக்கட்டுச் சன்னலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"ஒடைக்கவே இல்லியா?"

"நீங்கதான் ஒடைக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

அவர் மீசையைத் தடவிக்கொண்டார். தோற்றால் அவர் செய்வது அதுதான். "சரி, நாளைக்குப் பன்னெண்டு பேர் வந்து இழுக்கட்டும். அப்பறம் பேசிக்கலாம்," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அளவெடுக்கவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பன்னிரண்டு பேரும் கம்பெனிகளிலிருந்து திரும்பினார்கள். ஒவ்வொருவர் போனிலும் நூற்றுக்கணக்கில் படம். அவரவர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஜெயபாரதி ரிசப்ஷனில் உட்கார முடியாமல் உட்கார்ந்திருந்தாள். வெளியே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊத்துக்குளிப் பக்கம் இடி இடித்தது. பெரிய பெரிய துளியாக மழை இறங்கவும், படீரென்று கரண்ட் போயிற்று.

லாட்ஜ் முழுக்க ஏசி மூச்சை நிறுத்தியது. தெருவே இருண்டது. ஜெயபாரதி துள்ளி எழுந்தாள். ரூட்டரைப் பார்த்தாள், அதுவும் இன்வெர்ட்டர் லைனில் இருந்ததால் எரிந்தது. படியேறி ஓடினாள். வளைவில் பச்சை. மழைச் சாரலுக்கு அப்பால், எதிர் வராந்தாக்களில், இருட்டுக்குள் இரண்டு பச்சைப் புள்ளிகள் அசையாமல் நின்றன. ஆனால் ரூம்களுக்குள் என்ன நடக்கிறதோ யாருக்குத் தெரியும்?

அப்போது லிஃப்ட் நடைப் பக்கமிருந்து திருமூர்த்தி வந்தார். கையில் லேப்டாப். அவருடைய டார்ச் வெளிச்சம் கண்ணில் அடித்ததால் முகம் தெரியவில்லை. நெட் வராமல் ரிசப்ஷனுக்குத்தான் வருகிறார் என்று ஜெயபாரதி முடிவே செய்துவிட்டாள். மன்னிச்சுக்குங்க என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, சாப்பாடு ரெடிங்களா?" என்றார் அவர்.

"என்னுங்க?"

"எல்லாம் அனுப்பியாச்சுங்க. போன வாரம் இருந்த லாட்ஜ்ல நடுராத்திரி வரைக்கும் முழிச்சிருந்தோம். இன்னைக்குக் கரண்ட் போயும் நிக்கலீங்களே! பசங்க எல்லாம் பசிக்குதுங்கறாங்க. ரிசப்ஷன் இன்வெர்ட்டர் ப்ளக்ல லேப்டாப்பச் சார்ஜ் போடத்தான் வந்தேன்."

அவருக்குப் பின்னால் தேவிப்பிரியா வந்தாள். "சார், நான் சொல்ல வேண்டியது ஒண்ணும் இல்ல. நீங்களே பாத்துட்டீங்க," என்று சிரித்தாள். பிறகு ஜெயபாரதியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "மூணு மாசம் இங்கதான் அக்கா. அடுத்த சீசனுக்கும் நான் இப்பவே சொல்லி வச்சர்றேன்."

"வாங்க, வாங்க, எல்லாரும் சாப்புட வாங்க," என்று ஜெயபாரதி திரும்பத் திரும்பச் சொன்னாள்.

சமையல்கட்டில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் முனீஸ் தோசை ஊற்றிக்கொண்டிருந்தான். நாகஜோதி சட்னி வைத்தாள். மாரிச்செல்வம் வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்திருந்தார். வீட்டில் இருப்புக் கொள்ளவில்லையாம். மூவரிடமும் ஜெயபாரதி விஷயத்தைச் சொன்னாள். நாகஜோதி சட்னிக் கரண்டியோடு அவளைக் கட்டிக்கொண்டாள். "நாம ஜெயிச்சுட்டம்க்கா!"

"ஜெயிச்சுட்டோம் ஜோதி," என்றாள் ஜெயபாரதி. அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க நன்றாக இருந்தது. இன்னொரு தடவை சொன்னாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேரும் இரைச்சலாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது தீனதயாளன் குடையை மடக்கியபடி உள்ளே வந்தார். யாரையும் ஒன்றும் கேட்கவில்லை. கூடத்தை ஒரு பார்வை பார்த்தார். அது போதுமானதாக இருந்தது. வாசல் பக்கம் திரும்பி நின்று கூட்டாளிக்குப் போன் போட்டார்.

"தப்பா நெனைக்காதீங்க. நாளைக்கு நீங்க வர வேண்டியதில்லீங்க. குடோனுக்கு வேற இடம் நானே பாத்துத் தர்றேன்... இல்லீங்க, அது காலியா இல்லீங்க. ஊட்டுக்காரி ஆள் போட்டுட்டா. நெட் எல்லாம் பிரமாதமா வருதுங்க. ஸ்பெயின்காரன் கூட நானே பேசுனேன்."

போனை வைத்துவிட்டு மனைவியிடம் வந்தார். "பாரதி, நம்ம காலர் யூனிட்ல மெஷின் ஹாலுக்குள்ள நெட் வர மாட்டேங்குது. எத்தனையோ பேரைக் கூட்டிட்டு வந்து காட்டியாச்சு. நாளைக்கு ஒரு நடை வர்றியா?"

"நாளைக்கு முடியாதுங்க," என்றாள் ஜெயபாரதி. "எதுத்தாப்புல லாட்ஜ்காரம்மா கூப்புட்டிருக்காங்க. புதன்கெழமை வர்றேன். மாரியண்ணனும் ஜோதியும் கூட வருவாங்க. கார் அனுப்புங்க."

தீனதயாளன் வாய்விட்டுச் சிரித்தார். முனீஸ் தட்டில் இரண்டு நெய் தோசையை வைத்து நீட்டினான். ஜெயபாரதி அதை வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு பேருக்கும் நடுவில் தேவிப்பிரியா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாறு நாளாக ருசி தெரியாமல் விழுங்கியவளுக்கு அன்று பசி நன்றாக எடுத்தது.